சாவி கொடுத்த பின் தொடங்கும் கடமை

நங்கநல்லூர்த் தெருக்களில் நண்பகல் வேளையில் நடந்து செல்வோர் ஒன்றைக் கவனித்திருப்பர். வீடுகள் விசாலமானவை, உள்ளிருந்து வரும் குரல்கள் குறைவு. அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பணியாற்றியவர்கள் சிறுகச் சிறுகச் சேமித்து மனை வாங்கிக் கட்டிய வீடுகள் பல இங்குண்டு. பிள்ளைக்கு ஓர் அறை, பெண்ணுக்கு ஓர் அறை என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். இன்று அவற்றுட் சிலவற்றில் இருவர் இருக்கின்றனர். இன்னும் சிலவற்றில் ஒருவரே இருக்கிறார். மீனம்பாக்கம் அருகிலிருப்பதால் விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறக்கின்றன. பிள்ளைகளை ஏற்றிச் சென்றவையும் அவையே.

இத்தகைய இல்லங்களில் இப்போது ஒரு பேச்சு எழுகிறது. முதியோர் குடியிருப்பு நிறுவனங்களின் விளம்பரங்கள் வருகின்றன. ‘போய்விடலாமா?’ என்று ஒருவர் கேட்க, ‘பெற்றோரைப் பேணுவதையும் வியாபாரமாக்கி விட்டார்களா?’ என்று மற்றொருவர் சினக்கிறார். இந்தச் சினம் நியாயமானதா என்பதை நாம் சற்றே அமைதியாக ஆராய வேண்டியுள்ளது.

வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளை நினைத்துப் பார்ப்போம். முதியவர் திண்ணையில் அமர்ந்திருப்பார். வேளை தவறாமல் உணவு வரும். படுத்துவிட்டால் பக்கத்தில் ஆள் இருக்கும். கூட்டுக் குடும்பம் முதியோரைக் காத்தது என்று நாம் பெருமையுடன் எழுதுகிறோம். காத்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. பெரும்பாலும் அவர் அவ்வீட்டு மருமகள். கூலியில்லை, ஓய்வில்லை, மறுக்கும் உரிமையுமில்லை. ஆகவே முதுமைப் பராமரிப்புக்கு என்றுமே ஒரு விலை இருந்து வந்திருக்கிறது. அதைச் செலுத்தியவரின் பெயர் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவே. இன்று அப்பெண் படித்து வேலைக்குச் செல்கிறாள். அவளைக் குறை கூறிப் பயனில்லை; கூறுவது அறமுமன்று.

தமிழகத்தில் இம்மாறுதலை முன்னரே உணர்ந்தோர் உண்டு. ஆதரவற்ற முதியோருக்காகச் சாவித்திரி வைத்தி அம்மையார் 1978-ஆம் ஆண்டு சென்னையில் ‘விஸ்ராந்தி’ இல்லத்தைத் தொடங்கினார். அது தருமம், அதன் தன்மையைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஆனால் நங்கநல்லூர் முதியவரின் நிலை வேறு. அவருக்கு ஓய்வூதியம் உண்டு, சொந்த வீடு உண்டு, நாள்தோறும் தொலைபேசியில் அழைக்கும் மகனும் உண்டு. அவருக்கு இல்லாதது, இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிடும் ஒரு கை. தரும இல்லத்தில் இடம் கேட்க அவர் மனம் ஒப்பாது. அவ்விடம் இல்லாதவருக்கு உரியது என்று எண்ணுவார். அவ்வாறு எண்ணுவது சரியும் ஆகும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் அறுபது வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 10.4 விழுக்காடு. இந்த எண்ணிக்கைக்குள் மேற்சொன்ன வகையினர் பெருகி வருவதைக் கண்டவர்கள்தாம் தொழில் முனைவோராக இத்துறையில் இறங்கினர்.

அவர்கள் வந்த பாதைகள் கவனிக்கத்தக்கவை. கோயம்புத்தூரில் ‘கோவை கேர்’ நிறுவனத்தைத் தோற்றுவித்த கர்னல் ஸ்ரீதரன் இராணுவத்திலிருந்து வந்தவர். சென்னையில் ‘அதுல்யா’ நிறுவனத்தைத் தொடங்கிய கார்த்திக் நாராயண் மருத்துவர். முன்னவரின் வழி, நடமாட இயலும் முதியோர் தத்தம் வீட்டில் வாழ்ந்துகொண்டே உணவு, காவல், பராமரிப்பு ஆகியவற்றைப் பொதுவில் பெறும் குடியிருப்பு. பின்னவரின் வழி, பிறர் உதவியின்றி எழவோ குளிக்கவோ இயலாதவருக்குச் செவிலியர் துணையுடன் கூடிய இல்லம். இராணுவக் குடியிருப்பில் வாழ்ந்து பழகியவர் ஊரையும், நோயாளியின் படுக்கையருகே நின்றவர் படுக்கையையும் முதலில் கண்டது இயல்புதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இத்தொழிலில் உலகறிந்த முன்னோடி அமெரிக்கரான டெல் வெப். அவர் தச்சராக வாழ்வைத் தொடங்கியவர். டைபாய்டு காய்ச்சலால் உடல் நலிந்து அரிசோனா மாநிலத்தின் வறண்ட தட்பவெப்பத்தை நாடி வந்தார். 1928-இல் அங்கே கட்டட நிறுவனம் அமைத்தார். 1960 ஜனவரி முதல் நாள், ஓய்வு பெற்றோருக்கென்றே கட்டிய ‘சன் சிட்டி’ என்னும் ஊரைத் திறந்து வைத்தபோது, முதல் சில நாட்களில் ஏறத்தாழ 1 லட்சம் பேர் பார்க்க வந்தனர். முதுமை என்பது மூலையில் அமர்ந்து காத்திருக்கும் காலமன்று என்ற அவரது எண்ணம் பலருக்கு நம்பிக்கையளித்தது. ஆயினும் அதே நிறுவனம்தான் 1942-இல், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்து வைத்த போஸ்டன் முகாமையும் அரிசோனாவில் கட்டியது. கட்டுபவனுக்குச் செங்கல் ஒன்றே; உள்ளே வாழ்பவரின் கதி அவனைச் சாராது என்ற மனப்பான்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சன் சிட்டியிலும் ஒரு குறை விளைந்தது. குழந்தைகளே இல்லாத அவ்வூரார், வட்டாரப் பள்ளிகளுக்கான கடன் திட்டங்களை வாக்களித்துத் தோற்கடித்தனர். தலைமுறைகளைப் பிரித்து வைத்தால் முதியோர் மனமும் சுருங்கக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, அடிப்படைக் கேள்விக்கு வருவோம். இந்நிறுவனங்கள் எதை விற்கின்றன? வழுக்காத தரை, சுவரில் பிடிமானக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவு, தலைமாட்டில் அழைப்பு மணி ஆகியவை பட்டியலில் இருக்கும். ஆனால் இவற்றையெல்லாம் நங்கநல்லூர் வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாமே! மணியை அடித்தால் வருவதற்கு ஒருவர் உண்டு என்ற உறுதிக்காகவே முதியவர் வீட்டை விற்றுவிட்டு வருகிறார். அச்சமின்மைக்கு அவர் பணம் கொடுக்கிறார். நால்வகைத் தானங்களுள் அபயத்தையும் ஒன்றாக வைத்தவர்கள் நாம். உணவை விற்கிறோம், மருந்தை விற்கிறோம், கல்வியையும் விற்கிறோம். எவரும் பெரிதாக வருந்துவதில்லை. அபயம் விலைக்கு வரும்போது மட்டும் மனம் உறுத்துகிறதே, ஏன்?

உறுத்தலுக்குக் காரணம் உண்டு. அரிசியை வாங்கினால் மூட்டை வீட்டுக்கு வந்துவிடுகிறது. அபயமோ வாங்கிய அன்று கைக்கு வருவதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, வாங்கியவர் கேள்வி கேட்கும் வலிமையை இழந்த பின்னரே அது தேவைப்படும். அன்று அதைக் கொடுக்கிறார்களா என்று சரிபார்க்க அவரால் இயலாது, நினைவே தவறியிருக்கலாம். வீடு கட்டி விற்பவரின் பொறுப்பு பெரும்பாலும் சாவி கொடுப்பதோடு முடிகிறது. முதியோர் குடியிருப்பு நிறுவனரின் பொறுப்பு சாவி கொடுத்த பிறகே தொடங்குகிறது. அவர் பெறும் இலாபத்தில் நாம் பாவம் காணவில்லை. நட்டத்தில் நடக்கும் நிறுவனம் பாதி வழியில் மூடப்பட்டால், எண்பது வயதில் அவர்கள் எங்கே செல்வார்கள்? இலாபம் வேண்டும். ஆனால் அது வீடு விற்ற நாளிலேயே முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டால், அதன்பின் முதியவர் அவருக்கு ஒரு செலவாகவே தெரிவார். ஆண்டுதோறும் நன்றாகப் பேணுவதிலிருந்து வரும் வருவாயை நம்பியிருப்பவருக்கே, பேணுவதில் அக்கறை நிலைக்கும்.

அரசும் இதை உணர்ந்திருக்கிறது. 2019-இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நெறிகள் நல்லவை, எனினும் அவை மாநிலங்களுக்கு அளிக்கப்பட்ட ஆலோசனையே. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத் தர வழி செய்தது. கவனிப்பதாகக் கூறிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தையும் செல்லாததாக்க இடமளித்தது. பிள்ளைக்கு இவ்வளவு கட்டுப்பாடு இருக்க, பிள்ளையின் இடத்தில் தன்னை அமர்த்திக்கொள்ளும் நிறுவனத்துக்கு அதைவிடக் குறைந்த கட்டுப்பாடு போதும் என்று எவ்வாறு கூற இயலும்?

நம் குடும்பங்களில் இம்முடிவை எடுப்போர் பூங்காவையும் உணவுக் கூடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். உணவு நமக்கு முக்கியமே. இரவுணவை மாலையிலேயே கொடுப்பார்களா, கிழங்கு வகைகளைத் தவிர்த்துச் சமைப்பார்களா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்க வேண்டியவை வேறும் உள. இருவரில் ஒருவர் மறைந்தால் கட்டணம் எவ்வாறு மாறும்? படுத்த படுக்கையானால் இங்கேயே வைத்துக் கொள்வீர்களா, அழைத்துச் செல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவீர்களா? நிறுவனம் கைமாறினால் வாங்குபவர் இதே வாக்கைக் காப்பாரா? இவற்றை நிறுவனரிடமே நேரில் கேட்பது நன்று. பதிலை எழுத்தில் பெறுவது அதனினும் நன்று. கேட்கும்போது முதியவரும் உடன் இருக்கட்டும். எங்கே வாழ்வது என்பதைப் பிள்ளைகள் தமக்குள் பேசி முடித்துவிட்டு அவரிடம் கையொப்பம் மட்டும் கேட்கும் வழக்கம் சில வீடுகளில் இருப்பதாக அறிகிறோம். வெளிநாட்டிலிருந்து பதினைந்து நாள் விடுப்பில் வந்து, பதினான்காம் நாள் பத்திரத்தை நீட்டுவதைவிட, இன்னொரு விடுப்பு வரை காத்திருக்கலாம்.