நாளைய மனத்துக்கு இன்று சாட்சி

நாளை என் மனம் எப்படி இருக்கும் என்று இன்றே உறுதி கூற மனிதனால் முடியுமா? தத்துவம் படிப்பவர்கள் ஆற அமர உட்கார்ந்து ஆராய வேண்டிய கேள்வி இது. ஆனால் சென்னை அண்ணாசாலையில், ஜெமினி மேம்பாலத்தின் அருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்கிறார்கள். பதில் சொல்ல அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் 1952-இல் இயற்றப்பட்டது. தற்காலிகமாக வந்து போக அனுமதி கேட்கும் அயல்நாட்டாரில், சில வகையினர் நீங்கலாக, எல்லோரும் நிரந்தரமாகத் தங்கிவிட வருகிறவர்களே என்று கருதித் தொடங்க வேண்டும் என்கிறது அதன் 214-ஆம் பிரிவு. அப்படியல்ல என்று மெய்ப்பிக்க வேண்டியவன் விண்ணப்பிப்பவன். சொந்த நாட்டில் தனக்கு வீடு உண்டு, அதைக் கைவிடும் எண்ணம் இல்லை என்றும் மாணவன் காட்டியாக வேண்டும். அதிகாரிக்கு நம்பிக்கை பிறக்காவிட்டால் விசா கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. 2023-இல் 185 டாலராக உயர்ந்த விண்ணப்பக் கட்டணமும் திரும்பாது. வேண்டுமானால் மறுபடியும் பணம் கட்டி மறுபடியும் போய் நிற்கலாம்.

வீட்டுக்காரனுக்குத் தன் வாயிலைக் காக்கும் உரிமை இல்லையா? உண்டு. குற்றம் சாட்டப்பட்டவனைக்கூட நிரபராதி என்று எண்ணித் தொடங்குவது நீதிமன்றத்தின் அறம். ஆனால் விசா கேட்பவன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் அல்லன். அயலார் வாசலில் அனுமதி கேட்டு நிற்பவன். ஆகவே மெய்ப்பிக்கும் பாரத்தை அவன் தலையில் வைப்பதைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். எதை மெய்ப்பிக்கச் சொல்கிறார்கள் என்பதில்தான் என் வழக்கு.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறதா? செலவுக்குப் பணம் இருக்கிறதா? இவற்றுக்குக் காகிதம் உண்டு. உள்ளத்து எண்ணத்துக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது? காட்ட முடியாததைக் காட்டச் சொன்னால் நடிப்பு பிறக்கிறது. 'பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை; ஊரில் நிலம் இருக்கிறது; படித்து முடித்ததும் திரும்பி வந்து தொழில் தொடங்குவேன்' என்று பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று பழகுகிறார்கள். மெய்யாகவே திரும்ப நினைப்பவனும் அதையே சொல்கிறான். நினைக்காதவனும் அதையே சொல்கிறான். 'எனக்கு இன்னும் தெரியவில்லை, ஐயா' என்பவன்தான் எல்லோரிலும் உண்மையானவன். தோற்றுத் திரும்ப நேர்வதும் அவனுக்கே.

அதே நாட்டின் மற்ற விதிகளைப் பாருங்கள். பட்டம் பெற்ற மாணவன் ஓராண்டு அங்கே வேலை பழகலாம். அறிவியல், பொறியியல், கணிதம் போன்றவை படித்தவனுக்கு 2016-இல் வந்த விதி மேலும் 24 மாதங்கள் கொடுத்தது. அதன்பின் 'எச்-1பி' என்னும் வேலை விசா கிடைத்தால், தங்கிவிடும் ஆசை இருந்தாலும் பிழையில்லை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது. ஊழியனுக்கு இரண்டு மனம் இருக்கலாம். மாணவனுக்கு மட்டும் கூடாது! இருபத்திரண்டு வயதில் மறைக்கச் சொன்ன ஆசையை இருபத்தைந்து வயதில் வெளிப்படையாகச் சொல்லலாம் என்றால், இடையில் அந்தப் பிள்ளை கற்றது என்ன?

நம் ஊரிலிருந்து கடல் கடந்த இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய இராமானுஜன் 1919-இல் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே மறைந்தார். 1930-இல், பத்தொன்பது வயதில், அதே கேம்பிரிட்ஜுக்குப் போன சந்திரசேகர் பின்னர் அமெரிக்கா சென்று, 1953-இல் அந்நாட்டுக் குடிமகனாகி, 1983-இல் நோபல் பரிசு பெற்றார். கப்பலேறிய அன்று இவர்களில் யாரால் தம் முடிவைச் சொல்லியிருக்க முடியும்?

கேள்வியை மாற்ற முடியாது என்பதும் இல்லை. 'மெய்யாகவே தற்காலிகமாக வருபவர்தானா' என்று மாணவர்களைச் சோதித்து வந்த ஆஸ்திரேலியா, 2024 மார்ச்சில் அதை விட்டு, 'மெய்யான மாணவர்தானா' என்று கேட்கத் தொடங்கியது. இது தாராள மனம் அன்று. அதே ஆண்டு ஜூலையில் விசாக் கட்டணத்தை 710-லிருந்து 1,600 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தியதும் அந்த அரசுதான். கதவு அகலவில்லை. வாசலில் கேட்கும் கேள்வி மட்டும் சற்று நேர்மையாயிற்று.

கேள்வி நேர்மையற்றது என்பதால் பொய்யான பதில் நேர்மையாகிவிடுமா? வாய்மைக்கு வள்ளுவர் கூறிய விலக்கை இங்கே எடுத்துக்காட்டுவோர் உண்டு. அந்த விலக்குக்குக் குற்றமற்ற நன்மை வேண்டும். ஒருவன் சொல்லும் பொய், வரிசையில் அவனுக்குப் பின்னால் நிற்கும் உண்மையானவன் மேல் சந்தேகத்தை ஏற்றிவிட்டுப் போகிறது. அதில் குற்றமற்ற நன்மை எங்கே?

மனிதன் தன் நடத்தைக்கு வாக்குக் கொடுக்க முடியும். தன் ஆசைக்குக் கொடுக்க முடியாது. 'படிக்கத்தான் போகிறேன், அனுமதித்த காலத்துக்கு மேல் ஒரு நாளும் விதியை மீறித் தங்க மாட்டேன்' என்று எந்தப் பிள்ளையும் தலை நிமிர்ந்து சொல்லலாம். மீறினால் தண்டிக்கவும் அரசுக்கு வழி உண்டு. அந்த வாக்கோடு நிறைவடையும் அரசு தன் வாயிலையும் காத்துக்கொள்ளும். வருகிறவனின் வாய்மையையும் காக்கும். அதுவரை அந்தப் பதிலுக்கு விசா கிடைக்காமலும் போகலாம். பெற்ற பிள்ளையை அனுப்பும் தாய் தந்தையர் அந்த இழப்பையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவன் அங்கே என்ன பேச வேண்டும் என்பதை.