மலையேற்றமும் ஆணவமும்

கச்சிமாநகர் சமநிலத்தது. அதன் இராச வீதிகளில் பட்டுநெசவாளர் நூலும் நெய்த சேலையும் பின்னே கட்டி மிதிவண்டியிற் செல்லுங்கால், தம் உடலின் பாரத்தை உணர்வாரல்லர். அவ்வண்டியே மலைவழியில் ஏறுமாயின், மறந்திருந்த பாரமெல்லாம் காலில் வந்து நிற்கும். ஆணவ மலமும் இத்தகையதே. இன்னல் இல்லாத வாழ்வில் அஃது உண்டென்றே தோன்றாது.

நீலகிரியில் மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலைக்குக் கொண்டையூசி வளைவுகள் 36 உள. 2008-ஆம் ஆண்டு தொடங்கிய நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணத்தில், வீரர்கள் அதன்கண் காலங் குறித்துப் போட்டியாக ஏறியுள்ளனர். சமநிலப் பந்தயத்தில் முன்செல்வான் காற்றைப் பிளக்க, பின்செல்வான் அவன் மறைவில் இளைப்பாறிச் செல்லலாம். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குன்றுதலால் அம்மறைவு பெரிதும் பயன்படாது. அவனவன் பாரத்தை அவனவனே சுமத்தல் வேண்டும். முன்னுள்ள சிறிய பற்சக்கரத்திற்குச் சங்கிலியை மாற்றின், மிதிக்கும் விசை குறையும். மிதிக்கும் முறை பெருகும். ஏறவேண்டிய உயரமோ அணுவும் குறையாது. பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்னும் துணிபுக்கு இதனினும் எளிய உவமை கிடைத்தல் அரிது.

இங்ஙனம் உடலை வருத்தி ஏறுதல் தவமோ, ஆணவத்தின் செயலோ? செயலை மட்டும் நோக்கி விடை கூறலாகாது. கச்சியிற் புத்தநூல் பயின்ற சாக்கிய நாயனார் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்தார். அன்பினால் அக்கல்லே மலராயிற்று.

1967 ஜூலை 13-ல், பிரான்சு நாட்டுப் பெரும் பந்தயத்தில், 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த மோன் வான்டூ மலையில் கடுவெயிலில் ஏறிய டாம் சிம்ப்சன் என்னும் ஆங்கில வீரர் தளர்ந்து வீழ்ந்தார். பிறர் தூக்கி வண்டியிலேற்ற, சிறிது தொலைவு சென்று மறித்தும் வீழ்ந்து உயிர்நீத்தார். ஊக்கமருந்து உட்கொண்டிருந்தமை பின்னர்ப் புலனாயிற்று. அவரை இகழ்தல் அறமன்று. ஆயினும், 'திரும்புக' என உடல் உரைத்த சொல்லை மருந்து மறைத்தது. மறைத்தல் ஆணவத்தின் தொழிலன்றோ?

அப்பரடிகளும் திரும்பினாரல்லரே எனின், அவ்வினா நன்றே. கச்சியேகம்பம் பணிந்து வடதிசைச் சென்ற அப்பெருமான், கயிலை வழியிற் பாதம் தேயக் கையாலும், கை தேய மார்பாலும், பின்னர் உருண்டும் சென்றார். முனிவராய் வந்த இறைவன் மீளுமாறு கூறியபோதும், கயிலைக் காட்சி பெறாது அழியும் உடம்பொடு திரும்ப இசைந்திலர். உறுதி இருவர்க்கும் ஒன்றே, வேறுபாடு யாண்டுளது? பொய்கையில் மூழ்குக என இறைவன் பணித்த அளவிலே, அடிகள் ஏறுதலை விடுத்து நீரில் இறங்கினார். 'யான் ஏறி முடித்தேன்' என்னும் சொல்லுக்கு அவர்பால் இடமே இல்லை.

போட்டியிற் செல்வானுக்கு இவ்விறக்கமே அரிது. வளைவோரம் வண்டியை நிறுத்தி, வீழ்ந்துகிடக்கும் மற்றொருவனுக்கு நீர் கொடுப்பவன் காலத்தை இழப்பான். பந்தயக் கணக்கில் அவன் பின்தள்ளப்படுவான். சித்தாந்திகள் கணக்கு வேறு.

அப்பரடிகள் எழுந்தது திருவையாற்றில். மலைமேல் தேடிய காட்சி, காவிரிக் கரைச் சமநிலத்தில், பிடியும் களிறுமாய் எதிர்வந்த யானைகளிடத்தே அவருக்குக் கிடைத்தது.