பணத்துக்கும் பாவம் உண்டா?



வழக்கமாக ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கத்தோடு என் எழுத்து நின்றுவிடும். இம்முறை ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். ஆன்மீக விஷயம் எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றே ஆகையால், கணக்கிலிருந்து எழுந்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கின்றேன்.

2024 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பஜனை முடிந்து ஃபஹாஹீல் கடற்கரையில் பிள்ளைகளோடு நடந்துகொண்டிருந்தபோது ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அங்கே பல்கலைக்கழக மைதானத்தில் மாணவர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். இவளும் பகலில் போய் உட்காருகிறாளாம். காஸாவில் நடப்பது இனப்படுகொலை என்பது அவர்கள் வாதம். பல்கலைக்கழகத்தின் பணம் எந்தெந்த நிறுவனங்களில் முதலிடப்பட்டிருக்கிறது என்று வெளியிடுங்கள், அந்தப் போரோடு சம்பந்தப்பட்டவற்றிலிருந்து மீட்டுக்கொள்ளுங்கள் என்பது கோரிக்கை. படிப்பைப் பார் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்: "மாமா, முள்ளிவாய்க்காலில எங்கட சனம் செத்தபோது யாரும் இப்பிடிக் கேட்டவையா?"

கேட்டார்கள் என்றேன். 2013 மார்ச் 8ஆம் தேதி சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். சில நாட்களில் அது தமிழ்நாடு முழுவதும் பரவி, கல்லூரிகளையே மூட வேண்டியதாயிற்று. சுதந்திரமான சர்வதேச விசாரணை, பொது வாக்கெடுப்பு, இலங்கை மீது பொருளாதாரத் தடை என்பவை அவர்கள் கேட்டவற்றுள் முக்கியமானவை. மார்ச் 27இல் சட்டமன்றமே பொருளாதாரத் தடை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசு தடை எதையும் விதிக்கவில்லை. அந்த நாட்களில் தமிழ்நாட்டுக்கு வந்த புத்த பிக்குகளைச் சிலர் அடித்ததும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கில் ஒரு பக்கத்தை மறைத்தவன் ஆவேன். நான் இங்கே அறையில் தொலைக்காட்சி முன் அமர்ந்து கண்கலங்கிக் கைதட்டினேன். மண்டபம் முகாமில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: "அது சரி மாமா. உங்கட காசு எங்க கிடக்குது?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஏன் என்பதைப் பின்னர் சொல்கின்றேன்.

முதலீட்டை மீட்பதால் ஆகப்போவது என்ன? தொழில்முறையில் எனக்கு இதில் ஐயம் உண்டு. சந்தையில் நான் ஒரு பங்கை விற்றால் இன்னொருவர் வாங்குகிறார். நிறுவனத்தின் கையிலிருந்து ஒரு காசும் குறைவதில்லை. நமக்குப் பக்கத்து உதாரணமே இருக்கிறது. சூடான் நாட்டு எண்ணெய் வயலில் கனடாவின் டாலிஸ்மான் நிறுவனத்துக்கு 25 சதவீதப் பங்கு இருந்தது. அந்த எண்ணெய்ப் பணம் உள்நாட்டுப் போருக்குப் போகிறது என்று தேவாலயங்களும் ஓய்வூதிய நிதிகளும் கொடுத்த நெருக்குதல் தாங்காமல் அது விற்றுவிட்டு வெளியேறியது. 2003இல் அதை வாங்கியது யார்? இந்திய அரசின் ஓ.என்.ஜி.சி. விதேஷ். கனடாக்காரர்கள் கை கழுவினார்கள், எண்ணெய் நிற்கவில்லை. அதே 2003இல்தான் டார்ஃபூர் கொடுமை தொடங்கியது. ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்குப் பதிவு மாறியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்று இதைக் கொண்டு வாதாடலாம். நானே வாதாடியிருக்கின்றேன்.

ஆனால் தென்னாப்பிரிக்காவின் கதை வேறு. முதலில் நம்மவர்களை நினைப்போம். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர். 1946இல் அங்குள்ள இந்தியரின் நிலவுரிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தபோது, சுதந்திரத்துக்கு முன்பே, இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை முறித்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு இந்தியா. 1973 நவம்பரில் அரபு நாடுகள் அதற்கு எண்ணெய் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தன. இரவில் நம் வீட்டு ஜன்னலில் தெரியும் அஹ்மதி சுத்திகரிப்பு ஆலையின் வெளிச்சத்துக்கும் அந்த வரலாற்றில் இடமுண்டு. அப்போது ஈரானின் மன்னர் எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்ததால் தென்னாப்பிரிக்கா 1979 வரை தப்பித்தது. அங்கும் ஒரு "இன்னொருவர்" இருந்தார்.

பிறகு மாணவர்கள் வந்தார்கள். 1985 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்தின் வாசலை மூன்று வாரம் மறித்து அமர்ந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் நிர்வாகம் பங்குகளை விற்க இசைந்தது. 1986இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 310 கோடி டாலர் முதலீட்டை மீட்க முடிவு செய்தது. இங்கிலாந்தில் மாணவர்கள் பார்க்லேஸ் வங்கியில் கணக்குத் திறக்க மாட்டோம் என்று ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். 1986 நவம்பரில் அந்த வங்கி தன் தென்னாப்பிரிக்கப் பங்கை விற்றது.

இவற்றில் எது உண்மையாக வலித்தது என்று பார்த்தால், ஒரு கணக்காளனுக்கு 1985 ஜூலைதான் கண்ணில் படும். அப்போது சேஸ் மன்ஹாட்டன் வங்கி, தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்திருந்த குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது. மற்ற வங்கிகளும் பின்வாங்கின. செப்டம்பரில் அந்த அரசு கடன் திருப்பித் தருவதையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. கவனியுங்கள்: பழைய பங்கை விற்றால் வாங்க ஆளுண்டு. தவணை முடிந்த கடனைப் புதுப்பிக்க மறுத்தால் அன்றே அவன் கஜானாவில் பணம் குறைகிறது. வங்கிக்காரர்கள் தர்மம் பார்த்து மறுக்கவில்லை, ஆபத்தைப் பார்த்து மறுத்தார்கள். அந்தப் பணத்தை ஆபத்தான பணமாக ஆக்கியதில் நகரத்தில் சுடப்பட்டவர்களுக்கும், தெருவில் நின்றவர்களுக்கும், வாசலை மறித்த பிள்ளைகளுக்கும் பங்குண்டு. யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரிக்க எனக்குத் தெரியாது.

"ஏழைக்குத்தானே அடி விழும்?" என்று கேட்பீர்கள். அன்றும் கேட்டார்கள். நிறவெறியை நாடாளுமன்றத்தில் தனியாளாக எதிர்த்த ஹெலன் சுஸ்மானே தடைகள் வேண்டாம் என்றார். டெஸ்மண்ட் டுட்டு வேண்டும் என்றார். இருவரையும் கெட்டவர் என்று சொல்ல முடியுமா? மனித உரிமை ஒப்பந்தங்களை இலங்கை கடைப்பிடிக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது. 2017இல்தான் திருப்பித் தந்தது. போர் முடிந்து வன்னியிலிருந்து போய் கட்டுநாயக்காவில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்களில் என் ஒன்றுவிட்ட தங்கையும் ஒருத்தி. ஓவர்டைம் நின்றுபோன மாதங்களில் காரணம் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தடை என்ற சொல்லைக் கேட்டுக் கைதட்டிய நான் அவளிடம் தட்டியிருப்பேனா?

இனி, நான் பேச்சை மாற்றிய காரணம்.

2022இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது. ஆண்டு முடிவில் அரசு தன் குறுகிய காலக் கடனுக்குக் கொடுத்த வட்டி 30 சதவீதத்தை ஒட்டி நின்றது. அதற்குத் திறைசேரி உண்டியல் என்று பெயர். நம் கோயில் உண்டியலில் போட்டால் திரும்பி வராது. இதில் போட்டால் வட்டியோடு வரும். கொழும்பு வங்கி ஒன்றின் மூலம் சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டேன். ஓராண்டு கழித்துப் புதுப்பித்தேன். பத்து வயதில் எந்த அரசின் குண்டுக்குப் பயந்து படகேறினேனோ, அந்த அரசுக்கு நான் கடன் கொடுத்திருக்கின்றேன். அந்தக் கஜானாவிலிருந்துதான் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு மருந்தும் போகிறது, வடக்கில் நிற்கும் படைக்குச் சம்பளமும் போகிறது. என் ரூபாய் எதற்குப் போனது என்று எந்தத் தணிக்கையாளராலும் சொல்ல முடியாது. மருந்துக்குத்தான் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதி.

சென்னைப் பிள்ளைகளிடம் மீட்க முதலீடு இருக்கவில்லை. அவர்கள் டெல்லியைத்தான் கேட்க முடியும். ரொறன்ரோப் பிள்ளைகள் தாங்கள் கட்டணம் கட்டும் இடத்தின் பேரேட்டைத் திறக்கச் சொன்னார்கள். என் பேரேடு என் மேசை அறைக்குள்ளேயே இருந்தது. ஒரு குழந்தை கேட்கும்வரை திறக்கவில்லை.

ரொறன்ரோக் கூடாரங்கள் நிலைக்கவில்லை. ஜூலை 2இல் நீதிமன்றம் ஆணையிட, மறுநாள் கலைந்தார்கள், கேட்டது கிடைக்கவில்லை. அவ்வாண்டு இறுதியில் என் உண்டியல் முதிர்ந்தது. மூன்று நாள் யோசித்தேன். புதுப்பிக்கவில்லை. இலங்கைக்கு இதனால் ஒன்றும் ஆகியிராது. அந்தத் தொகை அவர்களுக்கு ஒரு மணி நேரச் செலவுக்கும் காணாது.

மருமகளிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு, "வட்டியை என்ன செய்தனீங்கள்?" என்றாள்.

தங்கைக்குக் கொடுக்கலாம் என்கிறாள் மனைவி. அன்னதானத்துக்குக் கொடுக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் உங்களுக்கெல்லாம் தெரியாமல் அதை உங்கள் இலையில் பரிமாற மனம் ஒப்பவில்லை. எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாத தொகையை வைக்க ஒரு கணக்கு உண்டு. கல்லூரியில் அதை அனாமத்துக் கணக்கு என்று படித்தேன். எங்கள் ஊர்ப் பாடநூலில் தொங்கல் கணக்கு. இப்போதைக்கு அதில்தான் இருக்கிறது.