மறுத்துச் சொல்ல ஆளில்லாத அரசு

2022 மார்ச்சில் இலங்கையின் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை. காகிதம் வாங்க டொலர் இல்லை. அதே மாதம் எரிபொருள் வரிசையில் மணிக்கணக்கில் நின்ற முதியவர்கள் சிலர் அங்கேயே சரிந்து உயிரிழந்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. மொத்த வெளிநாட்டுக் கடன் அப்போது சுமார் 5,100 கோடி டொலர். சுதந்திரத்துக்குப் பின் ஒருமுறையும் தவணை தவறாத நாடு என்ற பெயர் அன்றோடு போயிற்று.

கொரோனாவும் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பும் சுற்றுலா வருமானத்தை அழித்தன என்று ஆட்சியில் இருந்தவர்கள் சொன்னார்கள். அது பொய்யல்ல. ஆனால் அதே கொரோனாவைத் தாண்டிவந்த நாடுகள் பல உண்டு. இலங்கையை விழுத்தியவை மேசைக்கு முன்னால் அமர்ந்து எடுக்கப்பட்ட முடிவுகள்.

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். மறுமாதமே பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் கூடவே வெட்டப்பட்டன. ஏற்கெனவே வருமானம் போதாத அரசு, இருந்த வருமானத்தையும் தன் கையாலேயே விட்டுக்கொடுத்தது. கடன் தர மதிப்பீடுகள் சரிந்து வெளிநாட்டுக் கடன் சந்தைகளின் கதவு மூடியது. மத்திய வங்கி பணத்தை அச்சடித்துப் பள்ளத்தை நிரப்பியது. டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாய் என்று மாதக்கணக்கில் பிடித்துவைக்கப்பட்டது. சர்வதேச நாணய நிதியத்திடம் போகச் சொன்ன பொருளியலாளர்களின் யோசனை ஒதுக்கப்பட்டது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாமல் தவித்த 2022 ஜனவரியில், 50 கோடி டொலர் பிணைமுறிக் கடன் மட்டும் நாள் தவறாமல் கட்டப்பட்டது. யாருடைய தேவை முதலில் என்ற கேள்விக்கு அந்த அரசு தந்த பதில் அதுதான்.

உரத்தின் கதை இன்னும் கொடியது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. இயற்கை விவசாயம் நல்ல நோக்கம்தான். ஆனால் நிலம் அதற்குப் பழக ஆண்டுகள் வேண்டும். தேவையான அளவு சேதனப் பசளையும் வேண்டும். விவசாயப் பேராசிரியர்கள் இதை வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். விவசாயிகள் வயலில் நின்றே போராடினார்கள். நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகத்துக்குக் காலம் கடந்திருந்தது. அரிசியில் தன்னிறைவுக்கு அருகில் இருந்த நாடு கப்பலில் அரிசி வரவழைத்தது. தேயிலை விளைச்சல் வீழ்ந்தது. மலையகத்தில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடி 2021இல்தான் அதைப் பெற்ற தோட்டத் தொழிலாளரின் காலை ரொட்டிக்கான கோதுமை மா எட்டாத விலைக்குப் போனது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தையும் தாண்டியது.

இத்தனை தவறுகளையும் திறமையின்மை என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அறிந்தவர்கள் நாட்டில் இருந்தார்கள். அவர்கள் பேசவும் செய்தார்கள். அவர்களைக் கேட்காமல் இருக்கும் துணிவு அந்த அரசுக்கு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

அந்தத் துணிவு 2020இலேயே ஒத்திகை பார்க்கப்பட்டது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, அவர்களது மார்க்கத்துக்கு மாறாக, அரசு கட்டாயமாக எரித்தது. அடக்கம் செய்வதில் தடையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொன்னது. உள்நாட்டு மருத்துவ நிபுணர்களும் சொன்னார்கள். பிறந்து இருபது நாளான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. அறிவியலைப் புறக்கணித்த அந்த மாதங்களில் பெரும்பான்மைச் சமூகத்திலிருந்து எழுந்த எதிர்ப்பு மிகச் சொற்பம். பலர் அதை உறுதியான தலைமை என்றே கொண்டாடினார்கள். இடையில், 2020 ஒக்டோபரில், ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு இருந்த கடிவாளங்களைத் தளர்த்திய இருபதாவது திருத்தம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது. முஸ்லிம்களின் துயரத்துக்குச் செவிகொடுக்காத அதே அதிகாரம், சில மாதங்களில் சிங்கள விவசாயியின் துயரத்துக்கும் செவிகொடுக்கவில்லை.

வடக்கு இதை நெடுங்காலமாக அறியும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும்கூட அரிதாகி வாழ்ந்த மக்கள் அவர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் பதில் கேட்டு அமர்ந்திருக்கிறார்கள். 2022 நெருக்கடியை எதிர்த்துக் கொழும்பின் காலி முகத்திடலில் திரண்ட இளைஞர்களை அவர்கள் வெறுக்கவில்லை. ஆனால் தங்கள் கொட்டகைகளுக்கு இத்தனை பேர் ஏன் முன்பே வரவில்லை என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது. அது நியாயமான கேள்வி. ஒரு பகுதி மக்களின் முறையீட்டைக் கேளாதிருக்க ஓர் அரசைப் பழக்கிவிட்டால், பிறகு அது எவர் முறையீட்டையும் கேட்காது.

2022 யூலை 9இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். கோட்டாபய நாட்டைவிட்டு ஓடிப் பதவி விலகினார். 2023 நவம்பர் 14இல், பொருளாதார நெருக்கடிக்கு அவரும் அவரது சகோதரர்கள் மகிந்தவும் பசிலும் உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்றும், அவர்கள் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்றும் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. கொள்கைத் தவறும் உரிமை மீறலாகும் என்று ஒரு நாட்டின் உச்ச மன்றம் சொன்னது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்தத் தீர்ப்பால் எவரும் சிறைக்குப் போகவில்லை.

2024 பாராளுமன்றத் தேர்தலில் மக்கள் பழைய கட்சிகளைத் துடைத்தெறிந்து தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனங்களைக் கொடுத்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்று அவர்களுக்குப் போனது. அந்தக் கோபத்தையும் நம்பிக்கையையும் நான் மதிக்கிறேன். ஆனால் 2020இலும் இப்படித்தான் ஒரு தரப்பிடம் மூன்றில் இரண்டு பலம் போய்ச் சேர்ந்தது. நல்லவர் கையில் கொடுத்தாலும் தடையில்லாத அதிகாரம் தடையில்லாத அதிகாரமே.

ஆகவே ஆளைவிட அமைப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். அரசுக்குப் பணம் அச்சடித்துக் கொடுப்பதைத் தடுக்கும் 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் நாளைய ஆட்சியாளருக்கும் வசதிக்குறைவாகவே இருக்கும். அதைக் காக்க வேண்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் ஆறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தேர்தல் நடக்கவில்லை. கொழும்புக்கு வெளியே இருந்து முடிவுகளைக் கேள்வி கேட்கச் சட்டம் தந்த மேடை அது. அதைத் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சமூகத்துக்கு இழைக்கப்படும் அநீதியை மற்றச் சமூகம் தன் ஆட்சியின் தரத்தைக் காட்டும் முதல் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும். 2020இல் அந்த எச்சரிக்கையை நாடு மதித்திருந்தால், 2021இல் உரத்தைத் தடைசெய்யும் முன் அரசு ஒரு விவசாயியையாவது கேட்டிருக்கும்.