விலை பேசத் தகாதன

இல்லறத்தார் பொருள் ஈட்டுவதை அறம் தடுப்பதில்லை. எனினும், ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைத்தல் ஆகாது எனப் பகவன் புத்தர் விலக்கினார். விலை பேசத் தகாதன சில உலகில் உள என்பதே அவ்விலக்கின் கருத்து.

இதனை நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சட்டமும் ஒப்புக்கொண்டுள்ளது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் அனுமதியின்றி நிலம் பெறுவதையும், உரிமமின்றி வாணிகம் செய்வதையும் தடுத்தது. கேட்பவனிடம் பணமும் கொடுப்பவனிடம் இசைவும் இருந்தாலே ஒரு பேரம் நேர்மையாகிவிடாது என்பது இதனால் விளங்கும். நிலத்துக்கு இத்தகைய வேலி தகுமெனில், குழந்தைப் பருவத்துக்கு வேண்டாவோ?

பெற்றோரின் ஆசையை நாம் இகழ்கின்றோமல்லோம். கூலி வேலைக்குக் கடல் கடந்து வந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை கற்று உயர்வது விடுதலையேயாம். 2015ஆம் ஆண்டில் இங்கு மருத்துவக் கல்லூரி தொடங்கும்வரை, மருத்துவம் பயில விரும்பிய தீவுப் பிள்ளை கடல் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. சென்னைக்கே 1300 கிலோமீட்டருக்கு மேல். அதற்காக நகையை அடகு வைத்த தாயின் அன்பை யார் குறை கூறுவர்?

ஆனால் அவ்வன்பையே முதலாகக் கொண்டு ஒரு வாணிகம் தழைத்துவிட்டது. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற இராஜஸ்தானத்துக் கோட்டா நகரில், 2023ஆம் ஆண்டில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். பதினாறு வயது நிரம்பாதவரைப் பயிற்சி நிலையங்கள் சேர்த்தல் ஆகாது என 2024ஆம் ஆண்டு சனவரியில் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. கல்வி வாணிகமாதல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993ஆம் ஆண்டிலேயே உன்னிகிருஷ்ணன் வழக்கில் கூறியிருந்தது.

அரசின் விதி கடைக்காரனைக் கட்டுப்படுத்தலாம். வீட்டினுள் நடக்கும் பேரத்தை அது அறியாது. "உனக்காக இவ்வளவு செலவிட்டோம்" என்று தந்தை கூறும்போது, மகன் கடனாளியாகிறான், மதிப்பெண் வட்டியாகிறது. பதினேழு வயதுப் பிள்ளை அக்கடனைத் தீர்க்க வழி காணாது தனியறையில் கலங்குகிறான்.

சிகாலோவாத சூத்திரம் பெற்றோர்க்கு ஐந்து கடமைகளைக் கூறுகிறது: தீமையினின்று விலக்குதல், நன்மையில் நிறுத்துதல், தொழில் கற்பித்தல், தக்க மணம் முடித்தல், உரிய காலத்தில் செல்வத்தை ஒப்படைத்தல். ஐந்தும் கொடுத்தலேயன்றிக் கொள்ளுதல் அல்ல. பெற்றோரைப் பேணும் கடமை மக்களுக்கும் அங்கே கூறப்பட்டுள்ளது. அது நன்றியால் விளைவது, கணக்கு நோட்டால் விளைவதன்று. தொழில் கற்பிக்கச் சொன்ன அவ்வுரை, இன்ன தொழில்தான் என்று வரையறுக்கவும் இல்லை.

ஆகவே, பிள்ளைக்காகப் பணம் செலவிடுமுன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோமாக: இவன் தேர்வில் தவறினால், நேற்றிருந்த அதே முகத்துடன் இவனுக்குச் சோறு பரிமாறுவோமா? ஆம் எனில், அச்செலவு தானம். இல்லை எனில், நாம் பிள்ளையை வைத்து வாணிகம் செய்கிறோம் என்பதே உண்மை. முடிவு வெளிவருமுன்பே அவ்விடையைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுதல் பெற்றோர் கடன்.