தோற்று வரும் பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! பிள்ளைகளிடையே நீதமாக நடக்க வேண்டும் என்று எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதும் நமக்கு மனை, நகை, பணம்தான் நினைவுக்கு வரும். சனி, ஞாயிறு விடுமுறையில் நம் வீடுகளில் நடக்கும் வேறொரு அநீதியைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். எனவே முதல் உபதேசம் எனக்குத்தான்.

எனக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவனுக்கு கிரிக்கெட். ஞாயிறு ஃபஜ்ர் தொழுததும் மட்டையோடு மைதானத்துக்குப் போய்விடுவான். இளையவன் அந்தப் பக்கமே போகமாட்டான். பழைய சைக்கிளைக் கழற்றி வாசலில் பரப்பிவைத்து, கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருப்பான். மூத்தவன் வாங்கிய கப்பை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவேன். இளையவனிடம், "அண்ணனைப் பார்த்துக் கத்துக்கக் கூடாதா?" என்பேன்.

ஒரு ஞாயிறு, இறுதி ஆட்டத்தில் மூத்தவன் கைக்கு வந்த கேட்சை விட்டுவிட்டான். அணி தோற்றது. வீட்டுக்குள் நுழைந்தவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "அதை எப்படிடா விட்டே?" அவன் மட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அடுத்த வாரம் மைதானத்துக்குப் போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவனை இளையவன் கூப்பிட்டான்: "இந்த வீலைக் கொஞ்சம் பிடிண்ணே." கொஞ்ச நேரத்தில் இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அத்தாவாகிய நான் தந்திருக்க வேண்டிய ஆறுதலை, நான் மட்டம் தட்டிய பிள்ளை தந்தான்.

சகோதரர்களே! நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசி இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு மனவருத்தம். அதை உணர்ந்த நபியவர்கள், உலகில் உயரும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ் தன்மீது ஆக்கிக்கொண்ட நியதி என்று விளக்கினார்கள் (புகாரி). ஒட்டகத்தையும் குறை சொல்லவில்லை, முந்தியவரையும் குறை சொல்லவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓடியபோது ஒருமுறை அன்னை முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். அதற்கு இது சரியாகிவிட்டது என்றார்கள் (அபூதாவூத்). வெற்றியும் தோல்வியும் பிரியத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நம் வீட்டில் பிரியம் ஸ்கோரைப் பார்த்து ஏறி இறங்குகிறதா என்று யோசியுங்கள்.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தந்தை ஓர் அன்பளிப்பைக் கொடுத்து, அதற்குச் சாட்சியாக நபியவர்களை அழைத்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சி பிள்ளைகளிடையே நீதம் செய்யும்படி சொன்னார்கள். தந்தை அன்பளிப்பைத் திரும்பப் பெற்றார் (புகாரி, முஸ்லிம்).

"அப்படியானால் சைக்கிள் பிரியனுக்கும் மட்டை வாங்க வேண்டுமா ஹஜ்ரத்?" என்று கேட்கலாம். இல்லை. செலவுக்குக் கொடுப்பது அவரவர் தேவையைப் பொறுத்தது. அன்பளிப்பில்தான் சமம் என்று உலமாக்கள் பிரித்துச் சொல்கிறார்கள். ஒருவனுக்கு மட்டை, ஒருவனுக்கு ஸ்பேனர் செட். பொருள் வேறாகலாம், முகமலர்ச்சி வேறாகக் கூடாது. முன்னோர்கள் முத்தமிடுவதில்கூட பிள்ளைகளிடையே சமம் பேணுவதை விரும்பினார்கள் என்கிறார் இப்ராஹீம் நகஈ (ரஹ்).

யூஸுஃப் (அலை) வரலாற்றில், யஃகூப் (அலை) அவர்கள் அநீதி ஏதும் செய்யவில்லை. ஆனாலும் தந்தைக்கு அவர்தான் அதிகப் பிரியம் என்ற எண்ணம் சகோதரர்களைக் கிணற்றடிவரை கொண்டுபோனது. "அண்ணனைப் பாரு, தம்பியைப் பாரு" என்று தினமும் நாம் வாயால் சொல்லி வளர்த்தால் என்ன ஆகும்?

எனவே, பிள்ளை தோற்று வந்தால் முதலில் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். எங்கே தவறினான் என்பதை மறுநாள் பேசலாம். ஜெயித்தவனுக்கு ஸலாம் சொல்லிக் கைகொடுத்தானா, நடுவரைத் திட்டாமல் வந்தானா என்றும் கேளுங்கள். நாளைக்கு வியாபாரத்திலோ, பரீட்சையிலோ விழும்போது எப்படி எழுவது என்பதை அவன் இப்போதுதான் கற்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. அவர்களிடையே நீதமாக நடக்கும் பெற்றோர்களாக எங்களையும் ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.