சார்பும் சான்றும்: சூழலியல் ஆய்வில் நடுவுநிலைமை

முன்னுரை

ஓர் ஆய்வுக்குப் பொருளுதவி நல்கியவர் யார் என்று அறிந்த அளவிலேயே அதனை ஏற்பதும் தள்ளுவதும் இன்று பெருவழக்காகிவிட்டன. சூழலியல் துறையில் இவ்வழக்கு மிகுதி. சொல்பவர் எவராயினும் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்பது அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி. அவ்வாறாயின், ஆய்வாளரின் சார்பை வினவுவது முறையாகுமா? இவ்வினாவை இரு நிகழ்வுகளின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காசர்கோடு தரும் பாடம்

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், மாநில அரசு நிறுவனமான பெருந்தோட்டக் கழகம் தன் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியை ஹெலிகாப்டர் மூலம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 2000 வரை, தெளித்து வந்தது. தோட்டங்களை அடுத்த ஊர்களில் பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் மிகுந்தன. 2001இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஊராரின் இரத்தத்தில் நஞ்சின் எச்சம் மிகுதி என்றது. கழகம் பணித்த ஆய்வோ இரத்தத்தில் எச்சமே இல்லை என்றது. முன்னது சூழல் இயக்கம் சார்ந்தது; பின்னது தெளித்தவரே செலவேற்றது. 2002இல் அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம், நோய்களுக்கு எண்டோசல்பான் காரணமாதல் கூடும் என்றது. பின்னர் நடுவண் அரசு அமைத்த குழுக்கள் அத்தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்றன. உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதனைத் தடைசெய்தது 2011இல்தான். பாதிக்கப்பட்டோர்க்கு ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டது 2017இல்.

வள்ளுவர் நெறி, கேட்பவர் பொருளைத் தாமே ஆராய வல்லவர் என்னும் அடிப்படையில் அமைந்தது. தம் இரத்தத்தில் என்ன கலந்துள்ளது என்பதைக் காசர்கோட்டுத் தாய் ஒருவர் தாமே ஆராய இயலாது. ஆராய இயலாதவிடத்துச் சொல்பவரின் சார்பை அறிவதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகிறது. எனினும் அச்சார்பு மறு ஆய்வு கோருவதற்குரிய காரணமே அன்றி, மறுப்பதற்குரிய சான்று அன்று.

மறுபுறச் சார்பு

சார்பு வணிகர்க்கே உரியதன்று. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கை, இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துபோகக்கூடும் என்றது. அக்கூற்று, முறையான மதிப்பீட்டுக்கு உட்படாத ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கையிலிருந்தும், அதற்கு முன் 1999இல் வந்த அறிவியல் இதழ்ச் செய்தி ஒன்றிலிருந்தும் பெறப்பட்டதாகும். 2010இல் குழு தன் பிழையை ஒப்புக்கொண்டது. பனியாறுகள் உருகிவருவது உண்மையே. ஆயின் நல்நோக்கத்தின் பொருட்டு ஆண்டுக்கணக்கு சரிபார்க்கப்படாமல் கடந்தது. விரும்பிய முடிவைத் தரும் சான்றை ஆராயாது ஏற்பதும் ஆதாயப் பற்றே. ஈட்டப்படுவது பணமன்று என்பதே வேறுபாடு.

செய்தித்தாளின் துலாக்கோல்

நடுவுநிலைமை என்பது இரு தட்டிலும் ஒரே எடையை வைத்தல் அன்று. அமெரிக்காவின் முன்னணி நாளிதழ்கள் நான்கில் 1988 முதல் 2002 வரை வெளிவந்த புவி வெப்பமடைதல் குறித்த செய்திகளை ஆராய்ந்து, மேக்சுவெல் பாய்கஃப், ஜூல்ஸ் பாய்கஃப் ஆகியோர் 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பாதிக்குச் சற்று மேற்பட்ட செய்திகள், அறிவியலாளர் பெரும்பான்மையோர் ஏற்ற கருத்தையும் ஐயுறுவோர் கருத்தையும் சமமாக நிறுத்தியிருந்தன. துலாக்கோல் எடையைக் காட்ட வேண்டுமே ஒழிய உண்டாக்கலாகாது. சமன் காட்டும் முயற்சியே சாய்வாக முடிந்தமை இதனால் பெறப்படுகிறது.

முடிவுரை

சார்பு இருத்தல் குற்றமன்று. அதை மறைத்தலும், எதிர்த்தரப்பிடம் மட்டும் அதைத் தேடுதலும் குற்றமாகும். ஆய்வாளர் பிழைபடின் மறுபதிப்பில் திருத்திக்கொள்வர். நஞ்சு தெளிக்கப்பட்ட ஊரார்க்கு மறுபதிப்பு இல்லை. ஐயத்தின் விலையை ஐயுறுவோர் செலுத்துவதில்லை என்பதை உணர்வதே சூழலியல் ஆய்வாளர்க்கும் செய்தியாளர்க்கும் முதல் அறம் எனலாம்.